நாற்பத்தேழாவது இலை

அத்தியாயம் 11

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாமலும் பாஞ்சாலை இருநூறு சீட்டுகளை எண்ணி முடித்தாள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணியபோது நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. மூன்றாம் முறை இருநூறு வந்ததும், நாலாம் முறை எண்ணும் ஆசையை அடக்கிக்கொண்டு நூல் சுற்றிக் கட்டினாள்.

எல்லாம் அவள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் அச்சு கோணலாக விழுந்து ஒதுக்கிப்போட்ட லேபிள்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு நம்பர். மார்ச் மாதம் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் அப்படித்தான் செய்தார். அவரைப் பார்த்து, டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்த மாலைகளில் அவளும் ஏழு கேள்விகள் தயாரித்து வைத்திருந்தாள். ஏழு போதுமா, எட்டாக இருந்திருக்கலாமோ என்பது நேற்று முழுக்க அவளை அரித்த கவலை.

பெரியப்பா மாணிக்கவேல் ஒப்படைத்த வேலை இது. சூளைமேட்டுத் தெருவின் மண்பாண்டக் குடும்பங்களுக்கெல்லாம் முன்னின்று நடத்துகிறவர் அவர். முதல் மனிதர் அய்யாக்கண்ணு; அவருக்கு ஆறு பிள்ளைகள்; ஆறு வகையறா; இன்றைக்கு நாலு ஊரில் நாற்பத்தேழு வீடு. மாணிக்கவேல் ஆறாவது வகையறா; பாஞ்சாலை வீடு மூன்றாவது. அத்தனை பேரையும் வெள்ளைப் பீங்கான் ஓட்டில் எழுதிச் சுட்டு, வீரன் கோயில் சுவரில் பதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"பெயிண்டுல எழுதுனா மூணு மழைக்கு நிக்காது. நெருப்புல போயி வந்தாத்தான் நிக்கும்" என்றார். கம்பெனியில் கோப்பை விளிம்புக்கு நீலக்கோடு போடுகிறவள் பாஞ்சாலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். திங்கட்கிழமை கம்பெனிச் சூளையில் இடம் இருக்கிறது, ஆறு ஓடு வைத்துக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரியும் சொல்லிவிட்டார்.

வேலை கொடுத்த அதே பெரியப்பாதான், போன வாரம் தெருக் குழாயடியில் வைத்து அவள் அம்மா பூவாயியிடம் அந்தப் பேச்சையும் பேசினார்.

"தம்பி கலியபெருமாள் போயி எட்டு மாசம் ஆச்சு. ஆம்பளப் புள்ள கெடயாது. இந்தப் பொண்ணும் நாளைக்கு ஒருத்தன் வூட்டுக்குப் போயிடும். இந்தப் படையலுக்கு நாப்பத்தாறு இலைதான் பூவாயி. மனசுல வெச்சுக்காத."

பூவாயி குடத்தை நேராக வைத்தாள். குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படையல். முடிந்ததும் வீட்டுக்கு ஓர் இலை போட்டுக் கறியைக் கூறு வைப்பார்கள். கறி பெரிதல்ல. இலை விழுந்த வீட்டுக்குத்தான் சூளைமேட்டுப் பொதுச் சூளையில் முறை. கணவன் போனபின் பூவாயி கையாலேயே அடுப்பு வனைந்து, தன் முறை வரும்போது நாற்பது ஐம்பதாகச் சுட்டு, பெண்ணாடம் சந்தைக்கு அனுப்புகிறாள். இலை போனால் முறை போகும். முறை போனால் மண்ணைப் பிசைந்து என்ன செய்வது?

"அம்மா, நீ வர வேணாம்" என்றாள் பாஞ்சாலை. "எல்லாருக்கும் இலை போடறப்ப நீ சும்மா நிக்கறதப் பாக்க எனக்கு ஆவாது."

"எம்புருசன் வூட்டு சாமி. நான் ஏன் வராம இருக்கணும்?" பூவாயி கூந்தலை முடிந்துகொண்டாள். "நீ சீட்டு எழுதப் போறல்ல, அத ஒழுங்கா எழுது. பென்சிலு சீவிக்கிட்டியா?"

மூன்று பென்சில் சீவியிருந்தாள்.

*

கருவேப்பிலங்குறிச்சி சாலையில் இறங்கி ஒரு கல் தூரம் நடந்தால் புளியந்தோப்பு. அதற்குள் வீரன் கோயில். எட்டு மணிக்கே ஜனம் கூடிவிட்டது. மங்கலம்பேட்டைக்காரர்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். பெண்ணாடம் பஸ்ஸில் பச்சமுத்து வந்தார். பூவாயியின் தம்பி அவர்; சர்க்கரை ஆலையில் வேலை; விருந்தாளி.

"எனக்கு ஒரு சீட்டு கெடயாதா பாஞ்சாலை?"

"நீங்க இந்த வம்சம் இல்ல மாமா. பொண்ணு குடுத்த வூடு."

"பஸ்ஸுல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு வந்திருக்கேன். ஒரு நம்பரு போடேன், கொறஞ்சா போயிடுவ?"

அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. வெயில் ஏறுவதற்குள் பாதி வீட்டையாவது முடித்தாக வேண்டும். கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடமிருந்தே ஆரம்பித்தாள்.

மாணிக்கவேல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அய்யாக்கண்ணு, நம்பர் ஒன்று. அவர் பெண்டாட்டி, இரண்டு. பிள்ளைகள் மூன்றிலிருந்து எட்டு வரை. ஐந்து பேரை வேகமாகச் சொல்லிவிட்டு ஆறாவதுக்கு நிறுத்தினார்.

"ஆறாவது சடையன். எங்க தாத்தாவோட அப்பா. அவருக்கு மட்டும் கொஞ்சம் பெருசா எழுது பாப்பா."

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் பெரியப்பா. ஓட்டுல எடம் கெடயாது. சடையன் பொண்டாட்டி பேரு?"

"பொம்பளைங்க பேரெல்லாம் எதுக்கு?"

"எனக்கே அது கொழப்பமாத்தான் இருந்துச்சு. ஆனா கேள்வி போட்டுட்டேன். ஒருத்தருக்கு வுட்டுட்டா மத்தவங்களுக்கும் வுடணும்."

அவர் சிரித்துவிட்டார். "சின்னம்மா."

"பொறந்த ஊரு?"

அது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவர் மனைவி கொளஞ்சியம்மாள்தான் சொன்னாள்: "இதே ஊருதான், நம்ம சூளைமேடுதான். எங்க மாமியா சொல்லுவாங்களே, சடையன் பொண்டாட்டி பொறந்ததும் இங்க, செத்ததும் இங்க, ஊர் எல்லையத் தாண்டி ஒரு நாளு தங்குனது கெடயாதுன்னு."

பாஞ்சாலை எழுதிக்கொண்டாள். நம்பர் ஒன்பது. சின்னம்மாள். கணவர் சடையன். பிறந்த ஊர், இதே ஊர்.

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. மங்கலம்பேட்டை வண்டிக்காரர் ஒருவர் மட்டும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதும் எழுந்து நின்றுகொண்டார்.

"யாரு அனுப்புனது உன்ன? குடும்பக் கட்டுப்பாடா?"

"இல்லீங்க சித்தப்பா, ஓட்டுல எழுதறதுக்கு."

"இப்பிடித்தான் எங்க தெருவுல ஒருத்தன் பேரு எழுதிக்கிட்டுப் போனான். மறுநாளு வேனு வந்து நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏழு பிள்ளைகளுக்கு நாலு என்று சொன்னார். மற்ற மூவரையும் அவர் மனைவி கண்ஜாடையில் பின்னால் அழைத்துச் சொன்னாள்.

*

ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டு ஒத்துப் பார்ப்பது பாஞ்சாலையின் வழக்கம். தன் காதை அவளுக்கு அத்தனை நம்பிக்கையில்லை. அதனால் முதல் வகையறாவைச் சேர்ந்த மாரியம்மாளிடமும் அய்யாக்கண்ணுவிலிருந்தே தொடங்கினாள். கருவேப்பிலங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள், வாய் ஓயாது, பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டே பேசினாள்.

"அய்யாக்கண்ணுக்குப் புள்ளைங்க எத்தன பெரியம்மா?"

"அஞ்சு ஆணு, ஒரு பொண்ணு."

பென்சில் நின்றது. "ஆறு ஆணுன்னுதானே சொல்றாங்க?"

"எங்க மாமியா சொன்னதச் சொல்றேன். அஞ்சு பேருக்கு ஒரே தங்கச்சியாம். சின்னம்மான்னு பேரு. எங்க வூட்டுல ஒரு கல்யாணம் காட்சின்னா, மொதல்ல வூட்டுச் சாமி பூவாடைக்குச் சேலை வெப்போமில்ல, அந்தச் சேலையே சின்னம்மாவுக்குத்தான். 'எங்க வூட்டுல பொறந்த பொண்ணே, வந்து கட்டிக்க'ன்னு சொல்லித்தான் வெப்பாங்க. எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கூட வெச்சேன். பச்சைச் சேலை."

"அந்தச் சின்னம்மாவ எங்க குடுத்தாங்க?"

"அது யாருக்குத் தெரியும்? சாமியாயிட்டவளப் போயி, எந்த ஊருக்கு வாக்கப்பட்டன்னா கேக்க முடியும்?"

"அப்ப சடையன்?"

"அது ஆறாவது வகையறா. மாணிக்கவேலு மாமா வூட்டு ஆளுங்க."

"அஞ்சு ஆணுன்னு சொன்னீங்களே பெரியம்மா. சடையனும் சேந்தா ஆறு ஆயிடுது."

"நான் பொங்கல் வெக்கறதா, உனக்குக் கணக்குப் போடறதா? ஆறு வகையறான்னா ஆறு பேருதான் இருந்திருப்பாங்க. நீதான் படிச்சவ, கூட்டிக்க. கொஞ்சம் அந்த வெல்லத்த எடு."

பாஞ்சாலை வெல்லத்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு புதுச் சீட்டில் எழுதினாள். நம்பர் நூற்று நாற்பது. சின்னம்மாள். தகப்பனார் அய்யாக்கண்ணு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

*

பகல் பன்னிரண்டுக்குப் புளியமரத்தடியில் உட்கார்ந்து சீட்டுகளைத் தரையில் பரப்பினாள். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கல்.

சின்னம்மாள் என்பது ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர். அய்யாக்கண்ணுவுக்கு மகளும் ஒரு சின்னம்மாள், மருமகளும் ஒரு சின்னம்மாள் இருந்திருக்கலாம். இதில் என்ன அதிசயம்? நாம்தான் வெயிலில் குழம்பிக்கொண்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனாலும் பிறந்த ஊர்க் கேள்வியை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். இந்த வம்சத்துக்கு வாழ வந்த பெண்கள் அறுபத்திரண்டு பேர். பெண்ணாடம், தொழுதூர், வேப்பூர், கள்ளக்குறிச்சிப் பக்கம். எல்லோரும் வெளியூர். இதே ஊரில் பிறந்து இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள் ஒரே ஒருத்தி. நம்பர் ஒன்பது.

எப்படி முடியும்? இந்த ஊரில் மண்பாண்டக் குடும்பம் என்றால் அய்யாக்கண்ணு வம்சம் மட்டும்தான். எல்லாம் பங்காளிகள். அண்ணன் தம்பி வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். சடையன் அய்யாக்கண்ணு மகன் என்றால், உள்ளூரில் அவனுக்குப் பெண் கொடுக்க வீடே கிடையாது.

சடையன் மகனில்லை, மருமகன் என்றால் கொடுக்கலாம்.

சீட்டுகளை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

அதே சமயம் கோயில் முன்னால் கிடா நின்றது. ஐந்து வகையறாவின் மூத்தவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். ஆறாவது வகையறா கத்தி எடுக்கும். மாணிக்கவேலின் மகன் ராஜமாணிக்கம் மாலையோடு வந்து நின்றான். பாஞ்சாலை வேலை பார்க்கும் அதே கம்பெனியில் சூளை அடுக்குகிறவன். ஓங்கியது தெரியாமல் ஒரே வெட்டு.

கூட்டம் கலைந்ததும் பச்சமுத்து வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. உங்க சாமிக்கு மட்டும் முறை மாறிக் கெடக்குதே, ஏன்?"

"என்னா மாமா மாறிக் கெடக்குது?"

"எங்க பக்கத்துல பங்காளி கத்தி எடுக்க மாட்டான். அவன் கயித்தப் புடிப்பான். வெட்டறது மாமன் மச்சான் கையிதான். எங்க சாமிக்கு எங்க அத்த புருசன்தான் வெட்டுனாரு, இப்ப அவரு மகன் வெட்டறான். இங்க பங்காளியே வெட்டறாரு. அதுல பெரிய மச்சானுக்கு என்னா பெரும, என்னா மீச முறுக்கு!"

பாஞ்சாலை ஒன்பதாம் நம்பர்ச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"என்னாடி, முழிக்கற?"

"ஒண்ணுமில்ல மாமா. அந்தக் கல்ல எடுக்காதீங்க, சீட்டு பறந்துடும்."

*

மூன்று மணிக்குக் கறி வெந்து இறங்கியது. சுப்புராயன் என்பவர் இலை நறுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பூவாயி பெண்களோடு உட்காராமல் தனியாக ஒரு வேர்மேல் உட்கார்ந்திருந்தாள். கொண்டு வந்த தூக்குப் பாத்திரத்தை மடியில் மூடி வைத்திருந்தாள். யாரும் அவளைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த மாணிக்கவேலிடம் பாஞ்சாலை போனாள். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றாள்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம்."

"உனக்கு எப்பதான் சந்தேகம் இல்ல?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பரு வுழுந்துடுச்சு. ஒண்ண அடிக்கணும். எதன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் இரண்டு சீட்டையும் கை நீட்டி எட்டப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஒம்பது. சின்னம்மா. சடையன் பொண்டாட்டி. சரி. நூத்தி நாப்பது. சின்னம்மா. அய்யாக்கண்ணு..." அதற்கு மேல் சத்தமாகப் படிக்கவில்லை.

"இது வேற சின்னம்மா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கொளஞ்சியம்மா பெரியம்மா இதே ஊருன்னு சொன்னாங்க. இந்த ஊருல நம்மளத் தவிர பொண்ணு குடுக்க யாரு இருக்காங்க பெரியப்பா?"

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"யாரு சொன்னது, அய்யாக்கண்ணு பொண்ணுன்னு?"

"மாரியம்மா பெரியம்மா. அவங்க பூவாடைக்குச் சேலை வெக்கற பேரச் சொன்னாங்க, அவ்வளவுதான். மத்தது அவங்களுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"கத்தி எங்க கையில இருக்குதே? அது யாருக்கு வரும்? எங்கப்பா சாவறப்ப எங்கிட்டக் குடுத்துட்டு, இது நம்ம உரிமடா, வுட்டுடாதன்னாரு."

"கத்திதான் பெரியப்பா எனக்கும் உறுத்துச்சு. எல்லா ஊருலயும் அத எடுக்கறது மாப்ள வூடு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"இப்ப என்னா சொல்ல வர்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. பொண்ணு வழியில வந்த வூடு கணக்குல சேராதுன்னா, சடையனுக்குக் கீழ பதினாலு வூடு இருக்குது. எங்க வூடு ஒண்ணுதான். யாரயும் அடிக்கணும்னு எனக்கு இல்ல. எப்படி எழுதறதுன்னுதான் கேக்கறேன்."

சொல்லி முடித்தபிறகுதான், கேட்டது கேள்வியா மிரட்டலா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மத்தியானத்திலிருந்து மனதில் ஓட்டிப் பார்த்தபோது அது கேள்வியாகத்தான் இருந்தது.

மாணிக்கவேல் ஒன்பதாம் நம்பர்ச் சீட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். நூற்று நாற்பதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஓட்டுல சடையன், அய்யாக்கண்ணு மகன். எப்பவும் போல. வெளங்குதா?"

பாஞ்சாலை தலையாட்டினாள்.

அவர் எழுந்து கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தார். "சுப்புராயா, எத்தன இலை போட்ட?"

"நாப்பத்தாறு."

"ஒண்ணு சேத்துப் போடு. கலியபெருமாள் வூட்டுக்கு."

"வாங்கறது யாரு?"

"பூவாயி."

சுப்புராயன் கையிலிருந்த இலையோடு திரும்பிப் பார்த்தார். ஆறாவது வகையறாவிலேயே ஒருவர் எழுந்தார். "பொம்பளைக்கு இலையா அண்ணே? எந்த ஊரு முறை இது?"

"நான் சொல்றேன். போடுடா!"

நாற்பத்தேழாவது இலை விழுந்தது. பூவாயி எழுந்து வந்தாள். அவசரப்படவுமில்லை, தயங்கவுமில்லை. தன் இலைக்கு முன்னால் நின்று, கூறு வைக்கும் வரை பார்த்திருந்து, இலையோடு சுருட்டித் தூக்கில் வைத்து மூடினாள்.

*

பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றபோது வெயில் இன்னும் சாயவில்லை. பச்சமுத்து பெண்ணாடம் பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அம்மாவும் மகளும் மட்டும்.

"இப்ப சொல்லு" என்றாள் பூவாயி. "மூத்தாரு எதுக்கு மனசு மாறுனாரு?"

பாஞ்சாலை சொன்னாள். எதையும் விடாமல், நடந்த வரிசையில் சொன்னாள். பூவாயி தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"சீட்டு இப்ப எங்க?"

"அவரு சட்டைப்பையில."

"அப்ப அந்தச் சட்டைய வெளுக்கப் போடற வரைக்கும்தான் நம்ம இலை."

"என்னாம்மா சொல்ற?"

"பயந்து குடுத்தது பாஞ்சாலை. பயம் மூணு வருசத்துக்கு நிக்குமா? இன்னிக்கு எழுந்து கேட்டான் பாரு ஒருத்தன், அடுத்த படையலுக்கு நாலு பேரு கேப்பான். அப்ப மூத்தாரு இருப்பாரோ இல்லியோ. உன்னையும் உங்கம்மாவையும் எங்க எழுதியிருக்குதுன்னு கேப்பான். ஓட்டுல இருந்தாத்தான் காட்டலாம். பொண்ணு வழியில ஒரு வூடு வந்து, அதுக்கும் இலை வுழுந்துதுன்னு இருந்தாத்தான் காட்டலாம்."

"நான் சரின்னுட்டேம்மா."

"வாயத் தொறந்து சொன்னியா?"

"தலையாட்டுனேன்."

"அப்ப சொல்லல."

"தலையாட்டுனா சரின்னுதாம்மா அர்த்தம்."

பூவாயி தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அவங்க பதினாலு வூட்டையும் கேவலப்படுத்தச் சொல்லல நான். வந்த வழிய எழுதுன்னுதான் சொல்றேன். மருமவனா வந்தா மட்டமா? உங்க வூட்டுக்கு நாங்கல்லாம் எப்படி வந்தோம்? பொறந்தா வந்தோம்?"

பாஞ்சாலை தூக்கைத் தொட்டுப் பார்த்தாள். வாக்குக் கொடுத்து வாங்கிய இலை தூக்கில் சூடாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வாக்கை மீறுவதா? மீறாவிட்டால், தப்பென்று தெரிந்தே தன் கையால் எழுதி நெருப்பில் வைப்பதா? நாளை காலை ஏழு மணிக்குத் தூரிகையை எடுத்தாக வேண்டும். நீலம் ஒருமுறை சூளைக்குள் போய் வந்தால் சுரண்டினாலும் போகாது.

தோப்புப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ராஜமாணிக்கம். கத்தியைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டியிருந்தான். காலை ஊன்றி நின்றான்.

"பாஞ்சாலை, அப்பாகிட்ட என்னா சீட்டு குடுத்த?"

"ஏண்ணே?"

"கொட்டாயில தனியா ஒக்காந்து படிக்கறாரு. மடிக்கறாரு, மறுபடி பிரிக்கறாரு. நான் போனதும் பையில வெச்சுக்கிட்டாரு. எங்கப்பா எங்கிட்ட எதயும் மறைச்சதில்ல. உங்கையெழுத்துதான், எட்டவே தெரிஞ்சுது. அதுல என்னா இருக்குது?"

"ஒரு பேரு."

"யாரு பேரு?"

பாஞ்சாலை அம்மாவைப் பார்த்தாள். பூவாயி பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்கப்பாகிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன்ண்ணே. வாயால சொல்ல மாட்டேன்" என்றாள் பாஞ்சாலை. "நாளைக்குச் சூளை அடுக்கறது நீங்கதானே?"

"நான்தான். பத்து மணிக்கு."

"ஆறு ஓடும் உங்க கையத் தாண்டித்தான் உள்ள போவணும். அடுக்கறதுக்கு முன்னாடி மொதல் ஓட்டப் படிச்சுப் பாருங்க. படிச்சுட்டு, உள்ள வெக்கறதா கீழ போட்டு ஒடைக்கறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அவன் அவளை முறைத்துப் பார்த்தான். பின்னால் கட்டியிருந்த சாக்கை இறுக்கினான். சைக்கிளைத் திருப்பினான். தோப்புக்குத் திரும்பி அப்பாவிடமே கேட்பான் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவன் ஊர்ப்பக்கம் மிதித்துக்கொண்டு போனான்.

"அப்ப சின்னம்மாவ மகள்னே எழுதறதுன்னு முடிவு பண்ணிட்ட" என்றாள் பூவாயி.

"எழுதறதுன்னுதாம்மா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் பாஞ்சாலை.

பஸ் வந்தது.